மூன்றாம் கியர்

எண்பத்தாறாயிரத்து நானூறு. அண்ணனுக்குச் சின்னவன் தரவேண்டிய பாக்கி அவ்வளவு. அண்ணனைக் கிடத்திய பெட்டியை அமரர் ஊர்தியின் பின்கதவு வழியாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தத் தொகைதான் அவன் மனதில் வந்து நின்றது. மனுஷன் போய்ச் சேர்ந்தாச்சு, இப்போது என்ன கணக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆனாலும் வந்தது வந்ததுதான். முழுக் கடனையும் அடைத்த மறுநாள் அண்ணனோடு சரிசமமாக உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும் என்று ஏழு வருஷமாக நினைத்திருந்தான். அந்த டீ இனி இல்லை.

"மெதுவா, மெதுவா. ஐஸ் தண்ணி சிந்தப்போகுது," என்றார் வண்டிக்காரர்.

பெட்டிக்கு அடியில் தகரத் தட்டு, அதில் ஐஸ் கட்டிகள். நேற்று மத்தியானம் கடையில், லிஃப்டில் ஏற்றிய காருக்குக் கீழே நின்றிருந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்னவன் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கையிலிருந்த ஸ்பேனர்கூடக் கீழே விழவில்லை. இவன்தான் விரல் விரலாகப் பிரித்து அதை எடுத்தான்.

அண்ணியும் சின்னவனின் மனைவியும் பின்னால் நின்ற காரில் ஏறினார்கள். அண்ணியின் தம்பி வண்டிக்குள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். எதிலும் பறப்பான் என்பதால் அவனுக்கு வீட்டில் 'அவசரம்' என்றே பெயர். சின்னவன் முன்சீட்டில், வண்டிக்காரருக்குப் பக்கத்தில் ஏறினான். வண்டிக்காரர் பிரேக்கை மிதித்து லீவரை நகர்த்தினார். ஆட்டோமேட்டிக் வேன். பழசுதான், ஆனாலும் சத்தமில்லாமல் கிளம்பியது.

ஒன்று. இரண்டு. சின்னவன் காது தானாக எண்ணியது. எந்த வண்டியில் ஏறினாலும் அப்படித்தான். கியர் மாறும்போது இன்ஜின் சத்தம் ஒரு படி இறங்கும் இல்லையா, அதை அவன் காது விடாது. மனைவியோடு பஸ்ஸில் போனாலும், "இப்ப நான் பேசுறதைக் கேளுங்க, இன்ஜின் பேசுறதை அப்புறம் கேக்கலாம்" என்று அவள் முழங்கையால் இடிப்பாள்.

"நல்ல கண்டிஷனா வச்சிருக்கீங்க," என்றான், ஏதாவது பேசியாக வேண்டுமே என்று. "ஆனா இந்த வண்டி எங்க கடைக்கு வந்து நான் பார்த்ததே இல்லையே."

"பெரியவர் விடமாட்டாரு. 'அமரர் ஊர்தி கடை வாசல்ல நின்னா வேற எந்த வண்டியும் உள்ள வராதுய்யா, நானே உன் வீட்டுக்கு வர்றேன்'னு சொல்லுவாரு." வண்டிக்காரர் மூக்கை உறிஞ்சினார். "இன்னிக்குத்தான் மொதல்ல அவரா ஏறியிருக்காரு. அதுவும் படுத்துக்கிட்டு."

பின்னாலிருந்து அவசரம் குனிந்து தலையை நீட்டினான். "மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. கடைக்கு வரவேண்டியது, கொடுக்கவேண்டியது எல்லாம் இன்னிக்கே பேசி முடிச்சிடணும். அக்காவுக்கு வேற என்ன இருக்கு? நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க."

"சரி," என்றான் சின்னவன்.

"உங்க பாக்கியும் ஒண்ணு இருக்காமே."

"இருக்கு."

"மாசம் ரெண்டாயிரத்து ஐநூறுன்னா இன்னும் மூணு வருஷம் இழுக்கும். அக்காவால அவ்வளவு நாள் தாங்க முடியாது மச்சான்."

எங்கே போய்ப் புரட்டுவது என்று யோசித்தபடி சின்னவன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான்.

அந்தக் கடன் வந்த கதை அந்தக் கடைக்கே தெரிந்த கதை. அண்ணனும் தம்பியும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கிற கடை அது. வாய் அண்ணனுடையது, கை தம்பியுடையது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு கறுப்புக் கார் வந்தது. கியர்பாக்ஸைப் பிரித்துக் கோர்த்துச் சின்னவன் ஏற்றிவிட்டான். சைலன்சரைத் தாங்கும் பட்டை விட்டுப்போயிருந்தது. போகிற போக்கில் அதற்கும் ஒரு வெல்டிங் வைத்தான். வைத்தவன், பேட்டரியைக் கழற்றவில்லை. கியர்பாக்ஸின் கன்ட்ரோல் பெட்டியையும் பிடுங்கி வைக்கவில்லை. வெல்டிங் கரண்ட் திரும்பிப் போகிற வழியில் அந்தப் பெட்டிக்குள் புகுந்தால் உள்ளே இருக்கிற மயிரிழைச் சர்க்யூட்டெல்லாம் கருகிவிடும். இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. அசதியில் மறந்துவிட்டான்.

வண்டியை ஸ்டார்ட் செய்தால் கியர் மாறவே இல்லை. மூன்றிலேயே நின்றது. அண்ணன் வந்து பார்த்தார், தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "பெட்டி போச்சுடா" என்றார். அவ்வளவுதான். புதுப் பெட்டி மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அண்ணன் எங்கெங்கோ வாங்கிக் கட்டினார். தப்பு என்னுடையது, நான் தருகிறேன் என்று சின்னவனே சொன்னான். வேண்டாம் என்று அண்ணன் இரண்டு முறை சொல்லிவிட்டு மூன்றாம் முறை சும்மா இருந்துவிட்டார்.

அப்போது இன்னொரு ஊரில் பெரிய கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் சின்னவனுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். இருமடங்கு சம்பளம், தங்க வீடு. மனைவி பாத்திரங்களைக்கூட மூட்டை கட்டிவிட்டாள். அண்ணனை இவ்வளவு பெரிய நஷ்டத்தில் விட்டுவிட்டு எந்த முகத்தோடு போவது? மூட்டையைப் பிரித்து வைத்தாள். அதைப் பற்றி அவள் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பேசாமைதான் இவனுக்குப் பெரிய பாரம்.

அண்ணன் ஒருநாளும் கடனைக் கேட்டுக் குரலை உயர்த்தியதில்லை. சம்பளத்தில் பிடிக்கும்போதெல்லாம் முகம் வாடிப்போகும். சின்னவனின் மகளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், "இந்த மாசம் விடுடா, பிள்ளையைப் பாரு" என்று முழுச் சம்பளத்தையும் கையில் திணித்தார். சின்னவன் அன்றைக்குக் கடையின் பின்பக்கம் போய் அழுதான். இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைக்கும் என்று.

ரயில் பாலத்துக்கு அடியில் சாலை பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் மேடேறும். வண்டி இறங்கும்போது பின்னால் தட்டுத் தண்ணீர் சளக்கென்று முன்பக்கம் பாய்ந்த சத்தம் கேட்டது. மேடேற வண்டிக்காரர் மிதித்தார். இன்ஜின் உறுமியது, வண்டி நகர மறுத்தது. முன்னால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது.

சின்னவன் நிமிர்ந்தான். "மூணுல மாட்டிக்கிச்சு."

"எதுல?"

"மூணாவது கியர்ல. இதுக்கு மேல மிதிக்காதீங்க, கிளட்ச் எரிஞ்சுடும்."

பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன. அவசரம் உள்ளேயிருந்து, "என்ன மச்சான், இப்பப் போயி! எல்லாரும் பார்க்கிறாங்க!" என்று கத்தினான்.

"நீ இறங்கி ரெண்டு கல்லைப் பின் சக்கரத்துல வை. பார்க்கிறவங்க பார்க்கட்டும்."

அவசரம் இறங்கி ஓடினான். வண்டிக்காரர் கைப்பிரேக்கை இழுத்தார். அண்ணனை நடுவழியில் நிறுத்தியாயிற்று. சின்னவனுக்கு ஒருவிதத்தில் நிம்மதிதான். சாவுக்கு முன்னால் ஒன்றும் செய்ய முடியாமல் கிடந்த கைக்கு இப்போது ஒரு வேலை கிடைத்தது.

"கன்ட்ரோல் பெட்டி எங்க இருக்கு?"

"நீங்க அது மேலதான் உட்கார்ந்து வந்தீங்க சின்னவரே."

சீட்டை மடக்கி, கீழே ஊறிப்போயிருந்த பாயைச் சுருட்டினான். ஐஸ் தண்ணீர் ஓடிவந்து குட்டையாக நின்றது. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்தில் அந்தப் பெட்டி.

பார்க்கிறவர்களுக்கு அது ஒரு தகரச் சதுரம். ஆனால் வண்டியின் மூளை அதில்தான் இருக்கிறது. ஓட்டுகிறவன் மிதியை எவ்வளவு அழுத்துகிறான், கியர்பாக்ஸுக்குள் போகிற தண்டு எத்தனை வேகத்தில் சுற்றுகிறது, வெளியே வருவது எத்தனை வேகம், எண்ணெய் எவ்வளவு சூடு, எல்லாச் செய்தியும் ஒயர் வழியாக அதற்கு வந்துகொண்டே இருக்கும். அது கணக்குப் போட்டு, இப்போது இரண்டு, இப்போது மூன்று என்று கண் இமைப்பதற்குள் முடிவு செய்யும். முடிவு செய்ததும் கியர்பாக்ஸுக்குள் இருக்கிற சோலனாய்டுகளுக்குக் கரண்ட் அனுப்பும். அவை குட்டிக் கதவுகள் மாதிரி. ஒன்று திறந்தால் ஒன்று மூடும். எண்ணெய் திறந்த வழியில் பாய்ந்து அந்தந்தக் கிளட்சை அழுத்திப் பிடிக்கும். பெட்டிக்குச் சாலை தெரியாது, மேடு பள்ளம் தெரியாது. ஒயர் சொல்வதை நம்பும். அந்த ஒயர் பேச்சு தப்பாக வந்தால் அது எதையும் நம்பாமல் கையை விரித்துவிடும். கரண்ட் நின்றதும் எண்ணெய் தானாகப் போகிற வழி மூன்றாம் கியருக்கு. எப்படியாவது உருட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர் என்று அர்த்தம்.

இதில் கோளாறு பெரிதில்லை. சாக்கெட்டில் தண்ணீர். பேட்டரியைக் கழற்றச் சொன்னான். சாக்கெட்டைப் பிடுங்கி ஊதினான். தோளில் கிடந்த துண்டின் முனையை முறுக்கி ஒவ்வொரு பின்னாகத் துடைத்தான். பெட்டியையும் துடைப்போம் என்று கையில் எடுத்துத் திருப்பினான்.

மூடியின் நாலு மூலையிலும் திருகுகள். ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு சொட்டு ஊதா.

சின்னவனுக்கு ஹாரன் சத்தமெல்லாம் தூரத்தில் போய்விட்டது.

அவன் வழக்கம் அது. எந்தப் பெட்டியைத் திறந்து மூடினாலும் திருகின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைப்பான். வேறு யாராவது திருகைத் தொட்டால் அது வெடித்துக் காட்டிக்கொடுக்கும். மனைவியின் ஊதா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று அவள் ஒரு வாரம் சண்டை போட்டாள்: "எனக்கில்லாத அலங்காரம் உங்க கியர்பாக்ஸுக்கா? அதுக்கு என்ன கல்யாணமா?" அந்த பாட்டிலில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பெட்டிக்குத்தான் காணும். கறுப்புக் காரின் பெட்டிக்கு. அதற்குப் பிறகு வாங்கியதெல்லாம் சிவப்பு. நாலாவது மூலையில் சொட்டு வழிந்து, இவன் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்திருந்தான். ரேகை அப்படியே இருந்தது. கட்டைவிரலைக் கிட்டே கொண்டுபோனான். வைத்துப் பார்க்கவில்லை.

கருகிப்போன பெட்டி. காயலான் கடைக்குப் போட்டுவிட்டேன் என்று அண்ணன் சொன்ன பெட்டி.

"இந்தப் பெட்டி..." பெட்டியைத் தூக்கிக் காட்டினான். "இது எங்க வாங்கினீங்க?"

"இதுவா? பெரியவர் கொடுத்ததுதான். உங்க கடையில கறுப்புக் கார் ஒண்ணு ரெண்டு வாரம் நின்னுச்சே, அந்தச் சமயம். என் வண்டிப் பெட்டி செத்துப்போச்சு. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே கியர்பாக்ஸ். 'செகண்ட் ஹேண்டுதான், ஆனா கல்லு மாதிரி இருக்கு, அந்தக் கார்லயே போட்டு ஓட்டிப் பார்த்துட்டேன்'னு கொண்டாந்து மாட்டினாரு. காசு மட்டும் கறாரா வாங்கிட்டாரு, சும்மா சொல்லக் கூடாது."

"ஓட்டிப் பார்த்தாரா?"

"ஆமா. பெட்டி நல்லாத்தான் இருந்திருக்கு. இவரு மாட்டின எர்த் ஒயர் போல்ட்டு இறுகல, பெட்டிக்குக் கரண்ட் சரியா வரல, அதான் கோளாறாம். புதுசு வந்து இறங்கின அப்புறம்தான் கண்டுபிடிச்சிருக்காரு. 'என் போல்ட்டை முறுக்காம ஊரையெல்லாம் முறுக்கிட்டேன்யா'ன்னு சிரிச்சாரு."

சின்னவன் ஈரத் துண்டைப் பிழிந்தான். தண்ணீர் வராத பிறகும் பிழிந்துகொண்டிருந்தான். எர்த் ஒயரை மாட்டியது அண்ணன்தான். இவன் கீழே படுத்து வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தபோது மேலே பானட்டுக்குள் தலையை விட்டு மாட்டினார். ஒரு பழைய பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டே மாட்டினார்.

"தம்பிக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னாரு," வண்டிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஏன்னு கேட்டேன். 'கடன் இருக்கிற வரைக்கும்தான் இருப்பான், இல்லன்னா கம்பெனி வேலைக்குப் பறந்துடுவான். அவன் போனா எனக்குக் கையே போன மாதிரி'ன்னாரு. உங்க மேல அவ்வளவு உசுரு அவருக்கு." சொன்ன பிறகுதான் சின்னவனின் முகத்தைப் பார்த்தார். வாய் பாதியில் நின்றது. "ஐயையோ. அப்புறமாவது உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு... உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றான் சின்னவன்.

பின்சக்கரத்தில் கல் வைத்துவிட்டு அவசரம் மூச்சிரைக்க வந்தான். அவனுக்குப் பின்னால் அண்ணி. செருப்பில்லாமல் காரிலிருந்து இறங்கி மேட்டில் நடந்து வந்திருந்தாள்.

"என்னாச்சு தம்பி?"

பெட்டி சின்னவன் கையில் இருந்தது. நாலு ஊதாச் சொட்டுகளும் மேல்பக்கமாகத்தான் இருந்தன. சொல்லிவிடலாம். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பின்னால் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறவர் மறுத்துப் பேசப்போவதில்லை. இந்த மேட்டிலேயே எண்பத்தாறாயிரத்து நானூறும் ஒழிந்துபோகும். கட்டின இரண்டு லட்சத்துச் சொச்சத்துக்கும் ஒரு நியாயம் கேட்கலாம்.

அண்ணியின் பாதத்தில் சாலையோரச் சேறு. ஒரே இரவில் அவள் கண் குழிக்குள் போயிருந்தது.

"ஒண்ணுமில்ல அண்ணி," என்றான். "தண்ணி பட்டுருச்சு. நீங்க போய் ஏறுங்க."

அவள் போனாள். கட்டைவிரல் நகத்தால் நாலாவது சொட்டைச் சுரண்டினான். ரேகை இருந்த சொட்டு. ஏழு வருஷம் காய்ந்தது, சீக்கிரம் வரவில்லை. விடாமல் சுரண்டினான். பிறகு பெட்டியை இருந்த இடத்தில் வைத்து, ஒரு மரத்துண்டை அடியில் கொடுத்துத் தூக்கி, சாக்கெட்டை மாட்டினான். டக் என்று பூட்டிக்கொண்டது.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

மஞ்சள் விளக்கு அணைந்தது. வண்டி ஒன்றில் மேடேறியது.

"பார்த்தீங்களா," என்றார் வண்டிக்காரர், ஏதாவது சொல்லிச் சமாளிக்க. "கடைசியா ஒரு தடவை தம்பி கையால வேலை பார்க்க வச்சுட்டுத்தான் போறாரு."

சின்னவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த வண்டிக்காரர் மயானம் போய்ச் சேரும் வரை வாயைத் திறக்கவில்லை.

அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது. தூக்கச் சொன்னபோது தூக்கினான், இறக்கச் சொன்னபோது இறக்கினான். முகம் பார்ப்பவர்கள் பார்க்கலாம் என்றார்கள். கூட்டம் நகர்ந்து இவனுக்கு வழி விட்டது. குனிந்து பார்த்தான். அண்ணனின் முகத்தில் ஒன்றும் இல்லை. சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கொடுக்கும்போது வாடுகிற முகம். முழுச் சம்பளத்தைத் திணித்தபோது கனிந்த முகம். அன்றைக்கு அழுததுதான் இவனுக்கு இப்போது கூச்சமாக இருந்தது. எதை நினைத்தாலும் அது ஒன்று வந்து குறுக்கே நின்றது. கடையின் பின்பக்கம், பழைய டயர்களுக்கு நடுவே, தான் அழுதது.

"பாவம், கல்லா சமைஞ்சுட்டாரு," என்று யாரோ சொன்னார்கள்.

வீடு திரும்பினார்கள். கூடத்தில் ஆட்கள் நாற்காலிகளிலும் தரையிலுமாக உட்கார்ந்தார்கள். அண்ணி சுவரோரம். சின்னவனின் மனைவி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு இவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவசரம் தொண்டையைச் செருமினான்.

"பெரியவங்க எல்லாரும் இருக்கீங்க. கடைக் கணக்கைப் பேசிடலாம். வெளியில வரவேண்டியதுல பெரிய தொகை மச்சானோடதுதான். எண்பத்தாறாயிரம்..."

"எண்பத்தாறாயிரத்து நானூறு," என்றாள் அண்ணி. "எனக்குத் தெரியும். அதை விடு."

"அக்கா, விடுன்னா எப்படி? உனக்கு நாளைக்கு..."

"விடுன்னு சொல்றேன்ல." குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "அவரு தம்பியைத் தம்பியாவா பார்த்தாரு? பெத்த பிள்ளை மாதிரி பார்த்தாரு. ஏதோ அசதியில ஒரு தப்பு பண்ணிட்டாரு தம்பி. ஏழு வருஷமா வாயைக் கட்டி வயித்தைக் கட்டி அடைச்சிட்டாரு, போதும். மிச்சம் அவரோடயே போகட்டும். அவரு இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாரு."

"எவ்வளவு பெரிய மனசு," என்றார் ஒருவர். "வீட்டுக்காரர் குணம் அப்படியே," என்றார் இன்னொருவர்.

சின்னவனின் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். ஏழு வருஷத்தில் அந்தக் கடனுக்காக அவள் அழுது இவன் பார்த்ததில்லை. "அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க," என்று இவன் காதருகே கிசுகிசுத்தாள். "இப்படி வாயடைச்சு உட்கார்ந்திருந்தா என்ன நினைப்பாங்க?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அண்ணியும் பார்த்தாள். அந்தப் பார்வையில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று சின்னவன் தேடினான். அண்ணன் சொல்லியிருப்பாரோ? தெரிந்துதான் பேசுகிறாளோ? சிவந்த கண்கள், காய்ந்த உதடு, பாதத்தில் இன்னும் அந்தச் சேறு. வேறொன்றும் தெரியவில்லை.

வாயைத் திறந்தான்.

"உங்க பெரிய மனசு அண்ணி," என்றான்.

அவசரம் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனான். மனைவி இவன் கையை இழுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன நகத்துல? ஊதாவா இருக்கு?"

"கிரீஸு."

"கிரீஸ் எங்கயாவது ஊதாவா இருக்குமா?"

சின்னவன் விரல்களை மடக்கிக்கொண்டான். வாசலில் அமரர் ஊர்தி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. வேறு வீட்டிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள் போல. தெருவில் கிளம்பி நகர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றிலேயே கொஞ்ச தூரம் போனது. கூடத்தில் யாரோ இவனிடம் ஏதோ கேட்டார்கள்; அவன் தெருச் சத்தத்துக்குத் தலையை லேசாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். தெருமுனையைத் தாண்டி, கேட்டும் கேட்காமலும், நான்காவது விழுந்தது.